டைல்ஸ் பார்க்கப் போன நாள்

பாசிர் ரிஸ்
12 செப்டம்பர் 2025

சாமு அப்பாவுக்கு,

நலமா? அத்தையின் புது முழங்கால் எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதீர்கள். ஃபோன் பண்ணினால் "லிஃப்ட் ரிப்பேர்ல நிக்கிறேன், அப்புறம் பேசறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் நான்கு மாதமாக வரவே இல்லை. வாட்ஸ்ஆப்பில் எழுதலாம் என்றால், உங்கள் ஃபோன் பாதி நாள் அத்தை கையில் சீரியல் ஓட்டிக்கொண்டிருக்கிறது. நான் எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். அதனால் உங்கள் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். ஒரே தீவில் இருந்துகொண்டு கட்டிய புருஷனுக்குத் தபால்தலை ஒட்டுகிறேன். எல்லாம் என் நேரம்.

அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன், இரண்டு வாரம் பார்த்துக்கொள்கிறேன் என்று மே மாதம் செம்பவாங் போனீர்கள். இப்போது அத்தை தானே கீழே இறங்கிக் கீரை வாங்கி வருகிறார் என்று உமா அண்ணி சொன்னார். உங்கள் அக்கா பொய் சொல்ல மாட்டார். அப்படியானால் அங்கே இன்னும் யாருக்குக் கால் சரியாகவில்லை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாமுவுக்குப் போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது தொடை எலும்பின் தலை, இடுப்புக் கிண்ணத்தை விட்டுப் பாதிக்குமேல் வெளியே வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு முன் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே இருந்தது. எலும்பில் ஒரு குறையும் இல்லையாம். மூளையிலிருந்து சரியான கட்டளை வராததால் தசை இறுகிக்கொண்டே போகிறது, அது இழுத்த பக்கம் எலும்பும் போகிறது. ஊசி போட்டாயிற்று. ஃபிசியோ ஜரீனா வாரம் மூன்று தடவை காலை நீட்டிவிட்டுப் பார்த்துவிட்டார். இனி ஆபரேஷன்தான். தொடை எலும்பை வெட்டி, திருப்பி, தகடு வைத்து ஆணி முடுக்குவார்கள். மார்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு, ஆறு வாரம். நவம்பர் 18 என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்டோபர் 3 காலை பத்து மணிக்கு நாம் இருவரும் போய் டாக்டரிடம் பேச வேண்டும்.

இன்னொன்று. போன ஞாயிறு சந்திர கிரகணம். சாமு உங்களோடு செம்பவாங்கில் இருந்தாள். மறுநாள் சாயங்காலம் அவள் காலை நேராக வைக்கும் ஸ்பிளின்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் எப்படிப் பேசுவாள் என்று உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு சொல்லாகத் தள்ளித் தள்ளி. கேட்டாள்: "அம்மா, நான் வயித்துல இருந்தப்ப, நீங்க பேச்சுக் கேக்காம, கிரகணத்துல வெளிய போனீங்களாம். அதான் என் கால் இப்படியாம். பாட்டி சொன்னாங்க. உண்மையா?"

வாரைத் தப்பான துளையில் மாட்டினேன். அத்தை என்னிடம் ஐந்து வருஷமாகச் சொல்கிறார், நான் கேட்டுக்கொண்டேன். தோஷம் கழிய என்று குழந்தைக்குச் சாமுண்டீஸ்வரி என்று பெயர் வைத்தார், அதையும் ஏற்றுக்கொண்டேன். ஆனால் இப்போது குழந்தையிடமே சொல்லியிருக்கிறார். இது கிரகணம் இல்லை, வயிற்றில் இருக்கும்போதே தொற்றிய வைரஸ் என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். அத்தையிடம் அதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் மருமகள் சாக்குச் சொல்கிறாள் என்பார். நீங்கள் சொன்னால்தான் எடுபடும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வேலையில் ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
மோகனா


செம்பவாங்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மோகனா,

கடிதம் கிடைத்தது. ஆபீஸில் அப்துல் அலீம் உறையைத் தூக்கிக் காட்டி, "என்ன மாறன், கல்யாணமாகிப் பத்து வருஷம், இன்னும் லவ் லெட்டரா?" என்று எல்லோர் முன்னும் கேட்டான். மானம் போயிற்று. ஆனால் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீ பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவள். எனக்கு ஸ்பேனர் பிடித்த கை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

சாமுவின் இடுப்பைப் பற்றிப் படித்து அன்று முழுக்க வேலை ஓடவில்லை. 3ஆம் தேதி கட்டாயம் வருகிறேன்.

அம்மா வேண்டுமென்று சொல்லவில்லை மோகனா. அன்று கிரகணம் என்று சாயங்காலமே ஜன்னலைச் சாத்தினார். ஏன் பாட்டி என்று சாமு கேட்டாள். பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குப் பால் சோறு பிசைந்து ஊட்டியதும் அம்மாதான். அதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

வைரஸ் என்று சொல்லச் சொல்கிறாய். சொன்னால் அம்மாவின் அடுத்த கேள்வி, அது எங்கிருந்து வந்தது என்பதுதான். உமா அக்கா ஃபோனில் தட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், சின்னக் குழந்தைகளின் எச்சிலிலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் கர்ப்பிணிக்குத் தொற்றும் என்று. அப்போது நம் வீட்டில் இருந்த சின்னக் குழந்தை யார்? அக்கா மகள் நிரஞ்சனா ஒருத்திதானே. அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. இப்போது ஏழு வயதுப் பெண், சாமு என்றால் உயிரை விடுகிறாள். உன்னால்தான் தங்கச்சிக்குக் கால் இப்படி என்று யாராவது ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டால்? அவள் மிச்சம் வைத்ததை உன் தட்டில் போட்டது அம்மாவின் கை. அம்மா அதைத் தாங்குவாரா? இதையெல்லாம் யோசித்துத்தான் டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். நீயும் சரி என்றாய்.

அம்மா ஒரு வழி சொல்கிறார். நீ ஐந்து வாரம் ராகு கேதுவுக்கு விளக்குப் போட வேண்டும். கடைசி வாரம் வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன் நின்று, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவேன் என்கிறார். ஒரு வார்த்தைதானே மோகனா? குழந்தைக்காக.

நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இங்கே சிலது சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

உன்
மாறன்


பாசிர் ரிஸ்
28 செப்டம்பர் 2025

சாமு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நிரஞ்சனாவைக் காப்பாற்றுகிறீர்கள், அக்காவைக் காப்பாற்றுகிறீர்கள், அத்தையைக் காப்பாற்றுகிறீர்கள். உங்கள் பட்டியலில் என் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்றுதான் இரண்டாம் தடவை தேடினேன்.

அந்த நாட்களை நானும் மறக்கவில்லை. அப்போது நாம் செம்பவாங்கில் அத்தையோடுதானே இருந்தோம். வேலை முடிந்து வந்ததும் நிரஞ்சனா ஓடி வந்து என் மடியில் ஏறிக்கொள்வாள். பல் முளைக்கிற வயசு, வாயெல்லாம் ஜொள்ளு. ஒரே கையால் அவளுக்கு ஒரு வாய் ஊட்டி, நான் ஒரு வாய் சாப்பிடுவேன். அவள் வேண்டாம் என்று தள்ளிய ரசஞ்சோற்றை அத்தை என் தட்டில் வழித்துப் போடுவார். "வயித்துப் பிள்ளைக்காரி குழந்தை மிச்சத்தைச் சாப்பிடணும், பிள்ளை அழகாப் பொறக்கும்." ஆசையாகத்தான் போட்டார். நானும் ஆசையாகத்தான் தின்றேன். இப்படி ஒரு வைரஸ் இருப்பதே நம் யாருக்கும் தெரியாது. வேறு எந்தக் குழந்தையிடமிருந்தும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, யார்மேலும் பழி போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். நான் போடவில்லை. ஆனால் அத்தை போட்டார், என் மேல். நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

சரி, வைரஸை விடுங்கள். நிரஞ்சனா பெயர் என் வாயிலிருந்து ஒரு நாளும் வராது. அந்தப் பழைய கிரகணத்துக்கு வருவோம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, மறந்துவிட்டதா? நான் ஞாபகப்படுத்துகிறேன்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. இந்த வீட்டுச் சாவி கைக்கு வந்த மாதம். நான் மூன்று மாதம். கிரகணம் முடிகிறவரை ரூமை விட்டு அசையாதே என்று அத்தை முந்தின நாளே சொல்லிவிட்டார். நீங்கள் வேலைக்குப் போகிற மாதிரி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. "லீவு போட்டுட்டேன். பாசிர் ரிஸ்ல நிக்கிறேன். டைல்ஸ் பார்க்கணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டு வா. சூரியன் மோதிரம் மாதிரி ஆகப் போகுதாம், இனி நம்ம ஆயுசுல இங்க வராது." நான் வந்தேன். டைல்ஸ் கடைக்காரர் வருவதாகச் சொன்னார், போய்விட்டு வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

நம் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே திடலில் நின்றோம். மரத்தடியில் வெளிச்சமெல்லாம் பிறை பிறையாக விழுந்து கிடந்தது. கிரகணம் பார்க்கிற அட்டைக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதை என் மூக்கில் வைத்துப் பிடித்தது உங்கள் கை. "நல்லாப் பாரு, உள்ள இருக்கிறவனுக்கும் சேர்த்துப் பாரு" என்றீர்கள். மகன் என்றே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அந்த அட்டையின் உள்பக்கம் பேனாவால் எழுதினீர்கள்: "நாங்க மூணு பேரும், 26-12-19." அது இன்னும் என்னிடம் இருக்கிறது, பிரசவ கிளினிக் அட்டையோடு.

சாயங்காலம் அத்தை கத்தினார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இவதான் தனியா டைல்ஸ் பார்க்கப் போயிட்டாம்மா. நான் வேலையில இருந்தேன்." அத்தைக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். திட்டுத்தானே, வாங்கிக்கொள்ளலாம் என்று.

ஏழு மாதம் கழித்து சாமு பிறந்தாள். காது சரியாகக் கேட்கவில்லை, கால் விறைத்திருந்தது. அந்தப் பொய்யை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளவே இல்லை.

விளக்குப் போடச் சொல்கிறீர்கள், போடுகிறேன். தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகிற நாளில் அங்கே பக்கத்துக் கோயிலில் ஐந்து வாரம் அல்ல, ஐம்பது வாரம்கூடப் போடுகிறேன். என் மகள் நடப்பதற்கு விளக்கு உதவாது என்று தெரிந்தும் போடுகிறேன். எனக்கு வேண்டியது ஒரு வாக்கியம். "அன்னிக்கு நானும் அவகூட இருந்தேம்மா, கண்ணாடியைப் பிடிச்சதே நான்தான்." இவ்வளவுதான். வைரஸ் வேண்டாம், நிரஞ்சனா வேண்டாம், எச்சில் வேண்டாம். என் மேல் கிடக்கும் பழியில் பாதி உங்களுடையது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கிரகணம்தான் காரணம் என்று அத்தை ஆயுசுக்கும் சொல்லட்டும், நாம் இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்வோம்.

மூன்றாம் தேதி பத்து மணி. மறக்காதீர்கள்.

உங்கள்
மோகனா


செம்பவாங்
9 அக்டோபர் 2025

அன்புள்ள மோகனா,

உன் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது. அன்று காலை தெம்பனிஸில் ஒரு புளோக்கில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பாட்டியும் பேரனும். வேறு ஆள் இல்லை. முடித்துவிட்டு மணியைப் பார்த்தால் பன்னிரண்டு. டாக்டர் என்ன சொன்னார்? ஃபாரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டுமா, நீ ஒருத்தி போட்டால் போதுமா?

நீ கேட்ட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். முதல் தடவை அம்மா பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை, "அம்மா, அன்னிக்கு டைல்ஸ் பார்க்கப் போனாளே" என்று ஆரம்பித்தேன். "அந்தப் பேச்சை எடுக்காதே, வயிறு எரியுது" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அதற்குமேல் எப்படிச் சொல்வது? அப்பா போன பிறகு என்னை நம்பித்தான் அம்மா இருக்கிறார். என் மகன் பொய் சொல்ல மாட்டான் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறார். ஆறு வருஷம் கழித்து நான் போய், அது பொய் என்று சொன்னால் அம்மாவுக்கு என்ன மிச்சம் இருக்கும்?

ஆனாலும் சொல்கிறேன். தீபாவளிக்கு சாமுவை அழைத்துக்கொண்டு வா. அக்கா, அத்தான், நிரஞ்சனா எல்லோரும் இருப்பார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோர் முன்னும் சொல்லிவிடுகிறேன். சாமு மேல் சத்தியம்.

ஒரு வேண்டுகோள். அந்த அட்டைக் கண்ணாடியைக் கொண்டுவந்து யாரிடமும் காட்டிவிடாதே. நானே என் வாயால் சொல்வதுதான் மரியாதை.

உன்
மாறன்


பாசிர் ரிஸ்
22 அக்டோபர் 2025

சாமு அப்பாவுக்கு,

தீபாவளி நன்றாக நடந்தது. வடை மொறுமொறுப்பாக இருந்தது, அத்தையிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் நான் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதுமாம். போட்டுவிட்டேன். உங்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை.

நீங்கள் சொன்ன சொல்லை நம்பி சாமுவுக்குப் பச்சைப் பாவாடை கட்டி, சக்கர நாற்காலியில் வைத்து, இரண்டு ரயில் மாறி வந்தேன். சாப்பிட்டோம். அத்தை பாயசம் ஊற்றினார். உங்கள் அத்தான், "சின்னவளுக்கு எப்போ ஆபரேஷன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அத்தை பெருமூச்சு விட்டு, "எல்லாம் அந்த ஒரு நாள் செஞ்ச வேலை. யாரும் கூட இல்லாம போயிட்டு வந்தா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். சாமுவும் உங்களைத்தான் பார்த்தாள், பார்த்தீர்களா?

நீங்கள் எழுந்தீர்கள். தொண்டையைச் செருமினீர்கள். இதோ சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். "கீழ லிஃப்ட் சத்தம் சரியில்லை, பார்த்துட்டு வரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். தீபாவளி அன்று, லீவு நாளில், யாரும் கூப்பிடாமல். ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் வந்தபோது நான் சாமுவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கீழே இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது தெரியுமா? அத்தை என்னைச் சாமி படத்துக்கு முன் நிற்க வைத்தார். நான் சொன்னேன். "தெரியாம செஞ்சிட்டேன், என் பிள்ளையை நடக்க வை" என்று வாய் திறந்து சொன்னேன். நீங்கள் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொன்னேன். அத்தை என் தலையைத் தொட்டுத் திருநீறு பூசினார். அவர் கண்ணிலும் தண்ணீர். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேதனை. அவர் நம்புகிறார், பாவம். அவருக்கு உண்மை தெரியாது. தெரிந்த ஒருவர் கீழே லிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கம் நிரஞ்சனா தன் தட்டிலிருந்து முறுக்கை உடைத்து உடைத்து சாமு வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சாமு சிரிக்கிறாள், வாயிலிருந்து வழிகிறது, நிரஞ்சனா தன் புதுப் பாவாடையால் துடைக்கிறாள். நான் கைப்பையைத் திறக்கவில்லை. கண்ணாடி உள்ளேதான் இருந்தது.

நவம்பர் 18, காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். எட்டரைக்கு உள்ளே எடுத்துக்கொள்வார்கள். இது அழைப்பு இல்லை, தகவல்.

மோகனா


செம்பவாங்
5 நவம்பர் 2025

அன்புள்ள மோகனா,

நான்கு தாள் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் கோழை. நீ எழுதவில்லை, நானே எழுதிவிடுகிறேன். லிஃப்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒன்றாம் மாடிக்கும் பன்னிரண்டாம் மாடிக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நம் மாடியில் கதவு திறந்தது. நான் வெளியே வரவில்லை.

நீ சாமி முன் நின்றதை அக்கா அப்புறம்தான் சொன்னாள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

18ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அங்கே இருப்பேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், என் வேலையைப் பார்த்துக்கொள்ள அலீம் ஒப்புக்கொண்டான். அம்மாவையும் அழைத்து வருகிறேன். ஆஸ்பத்திரியில், சாமு பக்கத்தில் வைத்து, அம்மாவிடம் சொல்லப் போகிறேன். இதற்குமேல் தள்ளிப் போட மாட்டேன். அதன் பிறகு என் பெட்டியை எடுத்துக்கொண்டு உன்னோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். மாவுக்கட்டு போட்ட பிள்ளையை நீ ஒருத்தி எப்படித் தூக்குவாய்? ஆள் வேண்டும்.

என் குட்டிக்கு முத்தம்.

உன்
மாறன்


பாசிர் ரிஸ்
20 ஜனவரி 2026

இளமாறனுக்கு,

சாமுவுக்கு மாவுக்கட்டு பிரித்துவிட்டார்கள். ஆறு வாரம் என்றது எட்டு வாரமாயிற்று. எலும்பு கிண்ணத்துக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சிரித்தார். கால் மட்டும் குச்சியாகி, தோல் உரிந்து கிடக்கிறது. ஜரீனா மறுபடி ஆரம்பித்துவிட்டார். எழுந்து நிற்க இன்னும் மூன்று மாதம் ஆகலாம். பக்கத்து வீட்டு நாகம்மா அக்காவும் நானும் சேர்ந்து எட்டு வாரம் அவளைத் தூக்கினோம். ஆள் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், அதற்குத்தான் இந்தப் பதில்.

டிசம்பரில் நீங்கள் எழுதிய இரண்டு கடிதமும் வந்தன. எழுதத் தெம்பில்லாததால் சும்மா இருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு சாமுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். பயப்படாதீர்கள், நிரஞ்சனாவைப் பற்றி இல்லை. "கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி வந்துச்சு, அதான் உன் தசை இறுகிப்போச்சு" என்றேன். "யார்கிட்ட இருந்து?" என்றாள். "நிறைய பேருகிட்ட இருக்கும்டா, யாருன்னு யாருக்கும் தெரியாது, யார் தப்பும் இல்லை" என்றேன். அப்புறம் கிரகணம் பற்றிக் கேட்டாள். அதையும் சொன்னேன். மரத்தடியில் விழுந்த பிறைகளைச் சொன்னேன். கண்ணாடியைக் காட்டி, உள்ளே எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். "அப்ப நானும் பார்த்தேனா?" என்று கேட்டு அப்படி ஒரு சிரிப்பு. நர்ஸிடம், ஜரீனாவிடம், மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரிடம், எல்லோரிடமும் சொன்னாள். எங்க அப்பா கண்ணாடி பிடிச்சார், நாங்க மூணு பேரும் சூரியன் பார்த்தோம்.

காலை ஏழு மணிக்கு நீங்கள் வரவில்லை. அத்தைக்குத் தலைசுற்றல், சாயங்காலம் வருகிறோம் என்று மெசேஜ் வந்தது. சாமு வாசலையே பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இருவரும் வந்தீர்கள். சாமுவுக்கு அப்போதுதான் மயக்கம் தெளிந்திருந்தது. கட்டுக்கு வெளியே பாதம் மட்டும் தெரிந்தது. அத்தை அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சாமுவின் காது மிஷினை மாட்டிவிட்டேன். உங்களைப் பார்த்ததும் அவள் முதலில் என்ன கேட்டாள் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். எங்கேயாவது ஒரு தாளில் இது இருக்கட்டும்.

"அப்பா, நாம மூணு பேரும் சூரியன் பார்த்தோம்ல? நீங்க கண்ணாடி பிடிச்சீங்கல்ல?"

அத்தை திரும்பி உங்களைப் பார்த்தார். நீங்கள் வாய்கூடத் திறக்க வேண்டாம். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா அன்னிக்கு வேலையில இருந்தேன்மா."

அதே வாக்கியம். ஆறு வருஷத்துக்கு முன் கண்ணடித்துக்கொண்டு சொன்னீர்கள். இந்தத் தடவை குழந்தையின் மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்.

அத்தைக்கு நிம்மதி. என்னைப் பார்த்து, "குழந்தைகிட்டப் போயி என்னென்ன கதை சொல்லி வெச்சிருக்கே" என்றார். நீங்கள் இருவரும் கொண்டுவந்த ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. சாமு வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பொய்க்காரி என்று நினைக்கிறாளோ என்று எனக்கு உயிரே போனது. கண்ணாடியை எடுத்து மறுபடி காட்டலாமா என்று பையில் கையை விட்டேன். அதற்குள் அவளே சொன்னாள். "அப்பாவுக்கு மறந்துபோச்சு, பாவம். நீங்க திட்டாதீங்கம்மா. நான் ஞாபகம் வெச்சிருக்கேன்."

ஐந்து வயது. உடம்பு முழுக்கக் கட்டு. அவள் உங்களைக் காப்பாற்றுகிறாள். நான் என்ன திட்டுவேன்?

அதனால் திட்டாமல் எழுதுகிறேன். அத்தை சொன்னதற்காக இல்லை, கிரகணத்துக்காக இல்லை, ஏழு மணிக்கு வராததற்காகவும் இல்லை. என் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலுக்காக, நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வர வேண்டாம். சனிக்கிழமைகளில் வந்து சாமுவைப் பாருங்கள், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. அவளுக்கு நீங்கள் வேண்டும். அத்தையும் வரட்டும், ஆனால் என் மகளிடம் கிரகணப் பேச்சு எடுத்தால் அவர் வருவதை அத்துடன் நிறுத்திவிடுவேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன். நிரஞ்சனா எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவளைப் பற்றிய விஷயம் என்னோடு போகும், அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம்.

மார்ச் 3ஆம் தேதி சாயங்காலம் சந்திர கிரகணமாம். நிலா சிவப்பாகவே எழும்பி வருமாம். சாமு இப்போதே நாள் எண்ணுகிறாள். சக்கர நாற்காலியில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் வர வேண்டாம். எங்கே போயிருந்தாய் என்று வீட்டில் கேட்டால் மறுபடியும் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாமாம். அதனால் உங்கள் கண்ணாடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உள்ளே எழுதியதை அழிக்கவில்லை. அது உங்கள் கையெழுத்து.

மோகனப்பிரியா